படத்துக்கு ஆறு மூட்டை

மூன்று நாள் மழை பெய்தால் கழிமுகக் கரை எப்படி இருக்கும் என்று டிம்ப்னாவுக்குத் தெரியும். கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிந்து, அந்தச் சிற்றூரின் கழிப்பறைகள் விழுங்கியதெல்லாம் கூழாங்கல் மேல் வந்து கிடக்கும். பெரும்பாலும் வெட் வைப்ஸ் என்னும் ஈரத் துடைதாள்கள். மயிரும் மண்ணும் ஒட்டி, செத்த எலி மாதிரி சுருண்டிருக்கும். நடுநடுவே நாப்கின், காது குடையும் குச்சி, வாயால் சொல்ல வேண்டாத மற்றவை.

மீன் தொழிற்சாலையில் முப்பது வருடம் குடல் எடுத்தவள் அவள். நாற்றத்துக்கு அஞ்சியவள் இல்லை. அவளும் கரைக் காப்புக் குழுவில் இன்னும் ஐந்து பேரும் நான்கு நாள் குனிந்து பொறுக்கிப் பதினெட்டு மூட்டை கட்டினார்கள். திங்கட்கிழமை குப்பை லாரி வரும்வரை படகுக் கொட்டகைக்குப் பின்னால் வைத்தார்கள். கையுறை, நீள இடுக்கி, பச்சை மேல்சட்டை எல்லாம் டப்ளினில் ஓர் அறக்கட்டளை கொடுத்த சிறு நிதியில் வாங்கியவை.

சனிக்கிழமை காலை அந்த அறக்கட்டளையிலிருந்து ஸோர்கா என்பவள் புகைப்படக்காரனோடு வந்து இறங்கினாள். கரையைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போயிற்று.

"ரொம்ப சுத்தமா இருக்கே!"

"அதுக்குத்தானே காசு குடுத்தீங்க?" என்றாள் டிம்ப்னா.

"இல்ல, படத்துல ஒண்ணுமே தெரியாதே. எடுத்தது எங்கயாச்சும் இருக்கா? கொஞ்சம் மறுபடி பரப்பி வச்சா... அஞ்சு நிமிஷந்தான்."

வேடிக்கை என்று நினைத்து டிம்ப்னா சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. குழுத் தலைவன் மலக்கி ஏற்கெனவே கொட்டகையை நோக்கி நடந்துகொண்டிருந்தான். ஓய்வுபெற்ற தபால்காரன், அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

"மலக்கி, கிறுக்குப் புடிச்சிருக்கா உனக்கு? பன்னெண்டு மணிக்குத் தண்ணி ஏறிடும்."

"அடுத்த நிதிக்கு இவதான் கையெழுத்துப் போடணும். கை குடு, டிம்ப்னா. சட்டுனு பொறுக்கிடலாம்."

கை கொடுத்தாள். அதுதான் பிற்பாடு அவளுக்குச் செரிக்கவே இல்லை.

ஆறு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார்கள். நான்கு நாள் கட்டிக்கிடந்த வாடை குப்பென்று அடித்தது. மூக்கில் சால்வையைப் பொத்திக்கொண்டு ஸோர்கா, "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்... அந்தப் பாறை மேலயும் ஒண்ணு" என்று கை காட்டினாள். ஐந்து நிமிடம் நாற்பது நிமிடம் ஆனது. தூறல் விழுந்ததும் புகைப்படக்காரன் கேமராவை மூடினான். இருவரும் ரயிலுக்கு நேரமாயிற்று என்று காரில் ஏறினார்கள்.

அதற்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. முழங்கால் நனைய அள்ளியும் இரண்டு மூட்டைகூடத் தேறவில்லை. மிச்சம் மிதந்து போனது. ஒரு கடல்வாத்து அதில் ஒன்றைக் கொத்திப் பார்த்தது.

மூன்று வாரம் கழித்து அறக்கட்டளையின் இதழ் வந்தது. அட்டையில் டிம்ப்னா, குனிந்தபடி, இடுக்கியில் ஒரு துணுக்கோடு. 'கடலைக் காக்கும் கரம்' என்று அடியில் போட்டிருந்தார்கள். அவள் அப்போது அதை எடுக்கவில்லை, பாறை மேல் வைத்துக்கொண்டிருந்தாள். படத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

மதுக்கடையின் பின்னறையில் குழு கூடியது. நிதி இரட்டிப்பு என்று மலக்கி வாசித்தான், எல்லோரும் கைதட்டினார்கள்.

"நாமளே கடல்ல விட்டோமே, அதையும் அறிக்கையில எழுது" என்றாள் டிம்ப்னா.

"படிவத்துல எடுத்ததுக்குத்தான் கட்டம் இருக்கு. விட்டதுக்கு இல்ல."

"பதினெட்டுன்னு போட்டியா?"

மலக்கி காகிதத்தைப் பார்த்தபடி சொன்னான்: "இருபத்தி நாலு. ஆறை ரெண்டு தடவ எடுத்தோம்ல."

யாரோ சிரித்தார்கள். டிம்ப்னா மேல்சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தாள். வாசல்வரை பின்னாலேயே வந்தான் மலக்கி.

"மார்ச்ல டிவிக்காரங்க வர்றாங்க. உன் மூஞ்சிதான் வேணுமாம், டிம்ப்னா."

"அவங்க பீயை அவங்களையே கொண்டாரச் சொல்லு."

அடுத்த மழைக்குப் பிறகு தனியாகவே கரைக்குப் போனாள். குழுவில் இல்லாதவர்கள் கட்டிய மூட்டையை லாரி ஏற்றாதாம். தன் காரிலேயே போட்டுக் குப்பைக் கிடங்குக்கு ஓட்டினாள். ஜன்னலை இறக்கியும் பயனில்லை. பல வாரத்துக்கு அந்தக் காரில் யாரும் ஏறவில்லை.