மாப்பிள்ளை உறுமாத காலை

அரங்கின் நடுப்பாதையில் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தின்மேல் தூசி உறிஞ்சும் மெஷின் உறுமிக்கொண்டே போனது. அதைத் தள்ளிக்கொண்டு போனவள் அண்ணி. நாற்காலி வரிசைகளுக்குள் குனிந்து மிட்டாய்க் காகிதம் பொறுக்கியவள் அவளுடைய நாத்தனார். அண்ணிக்கு முழங்கால் தேய்ந்து போயிருந்தது. கீழே உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க எதையாவது பிடித்தாக வேண்டும். சூப்பர்வைசரிடம் கேட்டுக் கேட்டு, டாக்டர் சீட்டையும் காட்டி, போன மாதம்தான் அந்த மெஷின் கிடைத்தது. போட்டதையெல்லாம் விழுங்கிவிட்டு உறுமுகிறதே என்று இருவருமாக அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தார்கள்.

மேடையில் பியானோவின் மூடியைத் தூக்கி முட்டுக்கொடுத்துவிட்டு, அதற்குச் சுருதி சேர்க்க வந்த ட்யூனர் நின்றிருந்தார். உள்ளே கம்பிகளின் ஓரமாகச் செல்போன் சாய்ந்திருந்தது. அவர் ஒரு கட்டையை அழுத்தினால், கம்பி எவ்வளவு வேகமாக அதிர்கிறது என்று போன் அளக்கும். திரையில் ஒரு கோடு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும். கம்பியை முறுக்கும் சாவியை மாட்டி முடியளவு திருப்பினால் கோடு நடுவுக்கு வந்து பச்சையாகும். அன்றைக்குக் கோடு நிற்கவே இல்லை. தண்ணீரில் விழுந்த எறும்பு மாதிரித் துடித்தது.

அவர் மேடை விளிம்புக்கு வந்தார்.

“அம்மா, அதைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா?”

“மதியத்துக்குள்ள சூப்பர்வைசர் வந்து பார்ப்பாரு தம்பி. நிறுத்தினா எங்க கதி என்னாகிறது?” என்றாள் அண்ணி.

“இங்க வந்து பாருங்களேன். நான் எதையும் தொடலை. உங்க மெஷின் எந்தச் சுரத்துல கத்துதுன்னு இது காட்டுது.”

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். “மாப்பிள்ளை பாட்டுத்தான் பாடுறாரு அண்ணி. நமக்குத்தான் ரசிக்கத் தெரியலை.”

“காதால கேட்டே செய்யக் கூடாதா தம்பி?”

“செய்வேன். வேண்டாத சத்தத்தை ஒதுக்கக் காதுக்குத் தெரியும், இதுக்குத் தெரியாது. ஆனா ஆபீஸ்ல ஒவ்வொரு கம்பிக்கும் பச்சை விழுந்த படம் கேக்கிறாங்களே. ஒண்ணு குறைஞ்சாலும் அடுத்த தடவை வேற ஆளைக் கூப்பிட்டுக்குவாங்க.”

“எத்தனை கம்பி?”

“இருநூத்துச் சொச்சம்.”

“நாம ஆளுக்கொரு புருஷனைக் கட்டி மேய்க்கவே பாடா இருக்கு,” என்றாள் நாத்தனார்.

அண்ணி மெஷினை ஓரமாகத் தள்ளி நிறுத்தினாள். பிறகு போய் ப்ளக்கைப் பிடுங்கினாள்.

இரண்டு துணிகளை நனைத்துப் பிழிந்துகொண்டார்கள். முட்டி போட்டு, துணியைக் கம்பளத்தில் அழுத்தித் தன் பக்கம் இழுத்தால் தூசியும் நூலும் சுருண்டு வரும். சுருண்டதைக் கிள்ளிப் பையில் போட்டுவிட்டு அடுத்த முழத்துக்கு நகர வேண்டும். வாளியின் பிடி கிணுகிணுத்ததும் நாத்தனார் அதைச் சேலைத் தலைப்பால் சுற்றினாள். மேடையில் ஒரே கட்டை திரும்பத் திரும்ப ஒலித்து நின்றது. அடுத்தது ஒலித்தது.

பாதி தூரத்தில் அண்ணியின் முழங்கால் சடக்கென்று சொடுக்கியது.

“இதையும் அளந்துடுச்சா தம்பி?” என்றாள் வலியோடு.

“இல்லம்மா. பச்சைதான்,” என்றார் அவர்.

சூப்பர்வைசர் வந்தபோது இருவரும் மேடைக்கு அருகே இருந்தார்கள். அவர் குனிந்து கம்பளத்தில் விரலை ஓட்டினார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

“மெஷின் ஏன் ஓரமா நிக்குது?”

“அவருக்குச் சத்தம் ஆகாதுன்னாரு சார். கையாலேயே முடிச்சிட்டோம்.”

“நான்தான் சார் நிறுத்தச் சொன்னேன்,” என்றார் ட்யூனர்.

“கையால செஞ்சே இவ்வளவு சுத்தமா வருதா?” சூப்பர்வைசர் உண்மையாகவே வியந்தார். போனை எடுத்தார். “பக்கத்துக் கட்டடத்துக்கு மெஷின் கேட்டீங்களே, இங்க ஒண்ணு சும்மா நிக்குது. ஆளை அனுப்புங்க.”

“சார், இன்னிக்கு ஒரு நாள்தான் சார். எனக்கு முட்டி...”

“இன்னிக்கு முடிஞ்சது நாளைக்கு முடியாமப் போயிடுமா?” கோபமில்லாமல் சொல்லிவிட்டு அவர் மேடைப் பூச்சாடிகளைப் பார்க்கப் போனார்.

ஓர் ஆள் வந்து வயரைச் சுற்றி மெஷினை உருட்டிக்கொண்டு போனான். ஈரக் கம்பளத்தில் இரண்டு தடங்கள் வாசல்வரை நீண்டன.

“மாப்பிள்ளைக்கு வேற வீடு பார்த்துட்டாங்க அண்ணி,” என்றாள் நாத்தனார். அவள் சிரிக்கவில்லை.

ட்யூனர் அவர்களையே பார்த்தபடி நின்றார். சக்கரச் சத்தம் ஓயும்வரை அவர் விரல் கட்டைக்கு மேலேயே இருந்தது. கடைசிக் கம்பி அது. எழுந்திருக்க நாற்காலியின் கையைப் பிடித்த அண்ணி, அது கிரீச்சிடும் என்று விட்டுவிட்டாள். முட்டி போட்டபடியே இருந்தாள். கட்டை ஒலித்தது. கோடு நடுவில் அசையாமல் நின்று பச்சையானது.