இடுப்பெலும்பில் ஒரு வளையம்

மலையேறும் பேருந்து வத்தலக்குண்டில் ஆட்களுக்காக நின்றிருந்தபோது, மகாராணி தன் கணவன் வீரையாவின் மடியிலிருந்த பெரிய உறையைப் பிடித்து இழுத்தாள். அவர் பிடியை விடவில்லை.

"என் எலும்புதான? ஒங்க எலும்பையா கேட்டேன்?"

விட்டுவிட்டார்.

இரண்டு படங்கள். ஒன்று நான்கு மாதங்களுக்கு முந்தையது, மற்றது அன்று மதுரையில் எடுத்தது. இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பழையதில், இடது இடுப்பெலும்பில் மை தொட்ட கட்டைவிரலை அழுத்தியதுபோல ஒரு கறுப்பு. மார்பிலிருந்து புற்று வந்து இறங்கிய இடம். புதியதில் அந்த இடம் வெளுத்திருந்தது. ஆனால் அதைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம், பழைய கறையைவிடப் பெரிதாக. வீரையா அதை ஸ்கேன் மையத்து வாசலிலேயே பார்த்துவிட்டார். பரவிவிட்டது என்று அப்போதே முடிவுகட்டியவர், அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

"வியாழக்கெழம டாக்டர் சொல்லட்டும். உள்ள வையி."

"இதுக்குத்தான் மொகத்தத் தூக்கி வச்சிருந்தீங்களா?"

இரண்டு படங்களுக்கும் நடுவில் நடந்தது ஒலி அலைச் சிகிச்சை. காதுக்கு எட்டாத ஒலி அது. பல முனைகளிலிருந்து கிளம்பி, தோலையும் தசையையும் சேதமில்லாமல் கடந்து, எல்லாம் ஒரே புள்ளியில் கூடும்போது மட்டும் சுடும். அந்தச் சூட்டில் கட்டியும், எலும்பின் மேலுள்ள வலி நரம்புகளும் வெந்துபோகும். அதன் பிறகுதான் மகாராணியால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிகிறது.

"ஊசி போட்டு மூணு மணி நேரம் ஒக்கார வச்சாங்கல்ல, படம் எடுக்குற அந்த ரம்யாப் புள்ளய நான் சும்மா விடல. எல்லாத்தையும் கேட்டுட்டேன்."

கேட்டது இதுதான். ஊசி மருந்து புற்றைத் தேடிப் போவதில்லை. எங்கே எலும்பு புதிதாகக் கட்டப்படுகிறதோ அங்கே போய் ஒட்டும். புற்று கிளறிவிட்டால் எலும்பு பதறிக்கொண்டு கட்டும், படத்தில் கறுக்கும். முறிந்த எலும்பு கூடும்போதும் அப்படியே கறுக்கும். ரத்தம் ஓடாத இடத்துக்கு மருந்து போகாது, அங்கே வெளுக்கும்.

"நடுவுல வெந்து செத்துக் கெடக்கு. சுத்தி வேல நடக்குது."

"யாரு செய்யிற வேல?"

"அதத்தான் நானும் கேட்டேன். 'படத்துல வேலதாம்மா தெரியும், ஆள் தெரியாது'ன்னா."

"அப்பப் பரவலையா?"

"ஆறுற எலும்பாவும் இருக்கலாம். ஓரத்துல தப்பிச்ச புத்தாவும் இருக்கலாம்." படங்களை அவர் கையில் திணித்தாள். "அந்த ஊசிக்குத் தண்ணியாக் குடிக்கச் சொல்லிட்டா. வண்டிய நிப்பாட்டி வைங்க, வந்துர்றேன்."

வீரையா படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டார்.

"பெரியவரே, இது ஒங்க சொந்த வண்டியா?" என்றார் நடத்துநர்.

"இந்தா, ஏறிக்கிருவேன். அவ வரணும்ல."

பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் பேருந்து வேகம் குறைந்தது. பள்ளத்துக்கு அப்பால், எதிர்ச் சரிவில், பத்துப் பன்னிரண்டு பேர் குனிந்து நின்றார்கள்.

"நடுறாங்களா, பிடுங்குறாங்களா?" என்று வீரையா கேட்டார். மதுரையிலிருந்து கிளம்பிய பிறகு, படத்தைப் பற்றியல்லாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். "இங்கெருந்து தெரியல. அடுத்த வளைவுல கிட்டக்க வரும்."

வண்டி திரும்பியது. ஒரு பாறை குறுக்கே வந்து சரிவை மறைத்தது. இருவரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தபடி, பாறை விலகுவதற்காகக் காத்திருந்தார்கள்.