நாரைக் கொட்டகையின் கீழ்க்கதவு

மேடைக்குக் கீழே இருக்கும் அறையை நடிகர்கள் நரகம் என்பார்கள். ஏணி வழியாகத்தான் இறங்க வேண்டும். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. பிசாசு வேடக்காரர்கள் தங்கள் நேரம் வரும்வரை அங்கே குந்தியிருந்து, பொறிக்கதவு வழியாக மேலே குதிப்பார்கள். அதன் வடக்குச் சுவரில், இரண்டு ஓக் மரத் தூண்களுக்கு நடுவே, ஓர் ஆள் நுழையும் அகலத்துக்குச் சுண்ணாம்பு பூசிய இடம் உண்டு. ஏழு வருடங்களாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே என் பெயர் ஜெரோம் பாஸ்க். தேம்ஸின் தென்கரையில், கரடிச் சண்டை காட்டும் குழிக்கு நான்கு வீடு தள்ளி நிற்கும் நாரைக் கொட்டகையில் நான் பிரதிக்காரன். முழு நாடகத்தையும் மடியில் வைத்துக்கொண்டு மேடைக் கதவோரம் முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். யாராவது வசனம் மறந்து நின்றால் எடுத்துக் கொடுப்பேன். மற்றபடி என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் உண்டு. நான் பிறக்க இன்னும் நானூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது.

நாரைக் கொட்டகையைக் கட்டியபோது தச்சர்களோடு தச்சராக எங்கள் ஆட்கள் இருவர் கலந்திருந்தார்கள். அந்த இரண்டு தூண்களையும் நட்டது அவர்கள்தான். காலத்தில் ஒரு வழி திறப்பதற்கு இயந்திரம் மட்டும் போதாது என்று எங்கள் காலத்தில் கண்டுபிடித்திருந்தோம். ஆயிரம் பேர் ஒரே விஷயத்தைக் கவனித்து, ஒரே நொடியில் வாயடைத்துப் போக வேண்டும். தேவாலயத்தில் அது கிடைக்கவில்லை, அங்கே தூங்குகிறவர்கள் அதிகம். கொட்டகையில் கிடைத்தது. எனக்கு முன் மூன்று பேர் இதே சுவர் வழியாக வந்து, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி இரண்டு மாதம் இங்கே ஆப்பிள் விற்றாளாம். அவளுடைய கூடை இன்னும் உடை அறையில் தொங்குகிறது. யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

திரும்பும் வழிக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு வசனம் பூட்டாக இருக்கும். என்னுடையது ‘பர்கண்டியின் விதவை’ நாடகத்தின் கடைசி வரி. எல்லோரும் செத்து முடிந்தபின், விதவை கோட்டை வாயிலை மூடச் சொல்வாள். கிழட்டுக் காவல்காரன் சொல்வான்: “மூடாதீர்கள், இன்னும் ஒருவர் வர வேண்டும்.” இந்த வரி மேடையில் ஒலித்து, கூட்டமும் அடங்கிவிட்டால் சுவர் திறக்கும். மேடைப் பலகைகளின் மேலோ கீழோ அடுத்த குரல் கேட்கும்வரை திறந்திருக்கும். ஒரே ஒரு முறைதான். இரண்டாவது முறை திறக்க அந்தப் பக்கத்தில், எங்கள் காலத்தில், சக்தி கிடையாது.

அச்சான புத்தகத்தை நம்பி அந்த வரியைத் தேர்ந்தெடுத்தோம். முதல் ஆட்டத்தன்று நரகத்தில் குந்தியபடி காத்திருந்தேன். விதவை வாயிலை மூடச் சொன்னாள். வாயில் மூடிக்கொண்டது. எக்காளம் ஊதினார்கள். மேடையில் அந்த வரியை நீளம் என்று வெட்டிவிட்டு நடித்திருக்கிறார்கள். அச்சடித்தவனிடம் வெட்டாத பிரதி போய்ச் சேர்ந்திருக்கிறது. இதை யோசித்துக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு குளிர்காலம் ஆனது.

பிறகு முயன்று பார்த்தேன். காலியான கொட்டகையில் நானே நின்று கத்தினேன். புறாக்கள் பறந்தன. இன்னொரு நாடகத்தில், செருப்பு தைப்பவன் ஒருவனின் வாயில் அந்த வரியைத் திணித்தேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, ஒருவன் சிப்பி ஓட்டை எறிந்தான். அந்த வரிக்கு அந்த நாடகம் வேண்டும். அந்த நாடகத்தை மறுபடி போட இவர்களைச் சம்மதிக்க வைக்க ஏழு வருடம் பிடித்தது. அதற்குள் கூலி நடிகனாக இருந்து பிரதிக்காரன் ஆகியிருந்தேன். வெட்டிய வரியை நானே பிரதியில் திரும்பச் சேர்த்தேன். மாரென் என்ற பெயரை ஏழு வருடமாக வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் என் மனைவி. தினமும் பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை அந்தப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லியிருந்தாள்.

ஆட்டத்தன்று காலையில் உரிமம் தரும் எழுத்தரிடமிருந்து பிரதி திரும்பி வந்தது. கடைசிக் காட்சியைத்தான் முதலில் புரட்டினேன். விதவையின் கடைசிப் பேச்சில், கடவுளோடு வழக்காடும் ஆறு வரிகளை அடித்திருந்தார். அடுத்து வரும் என் வரியைத் தொடவில்லை. சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

இங்கே யாருக்கும் முழு நாடகம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு நடிகனுக்கும் அவனவன் வசனம் மட்டும் ஒரு காகிதச் சுருளில் எழுதித் தரப்படும். அதற்கு முன்னால் பேசுகிறவனின் கடைசி இரண்டு மூன்று சொற்கள் இருக்கும். முன்சொல் எனப்படும் அவற்றைக் கேட்டதும் பேச வேண்டும். யார் சொல்வார்கள், எப்போது சொல்வார்கள் என்று தெரியாமலே ஆயிரம் பேர் முன்னால் போய் நிற்பார்கள். ஆறு வரி போய்விட்டதால் காவல்காரனின் சுருளில் முன்சொல்லை மாற்ற வேண்டியிருந்தது. பழையதை அடித்துவிட்டு, விதவையின் பேச்சில் மிஞ்சியிருந்த இரண்டு சொற்களை எழுதி ஜாஸ்பர் கோட்டிடம் கொடுத்தேன். அவன் கூலி நடிகன், அறுபதைத் தாண்டியவன்.

“யோவ் பாஸ்க், முழு நாடகத்துக்கும் எனக்கு ஒரே வரியா? மூணு மணி நேரம் ஈட்டியப் புடிச்சிட்டு நின்னா என் கால் என்னத்துக்கு ஆவும்?”

“கடைசி வரி உன்னோடது ஜாஸ்பர். கூட்டம் உன் குரலக் கேட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவும்.”

“கூட்டம் கரடி பாக்கப் போவும். அத விடு, யாரு முடிச்சதும் நான் ஆரம்பிக்கணும்? உன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. வாயால சொல்லு.”

“விதவை. ‘வாயிலை மூடு’ன்னு வரும். கேட்டதும் நீ சொல்லு.”

“வாயிலை மூடு. கேட்டதும் சொல்லிடறேன். செத்தாலும் சொல்லிடறேன்.”

விதவை வேடம் போடும் டிகரி வேன் இடுப்புக் கச்சையை இறுக்கிக்கொண்டிருந்தான். “ஜாஸ்பர் அண்ணே, நான் மார்ல அடிச்சு அழும்போது நீங்க பின்னால தும்மாம இருந்தாப் போதும். போன வாரம் வேற நாடகத்துல என் சாவே சிரிப்பா போச்சு.”

“உன் தாடிய மழிச்சிட்டு வாடா மொதல்ல. மூணாவது வரிசைல இருக்கறவன் விதவைக்கு மீசையான்னு கேக்கறான்.”

நானும் சிரித்தேன். அன்று எதற்கும் சிரித்திருப்பேன்.

இரண்டு மணிக்குக் கொடி ஏறியது. கொட்டகை நிறைந்திருந்தது. முதல் இரண்டு அங்கங்கள் வழுக்கிக்கொண்டு போயின. மூன்றாம் அங்கம் கல்யாண விருந்து. விதவைக்கு மறுமணம். மேசை போட்டு, பொய்க் கோழி வைத்து, எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜாஸ்பர் மேடையின் அந்தக் கோடியில் எனக்கு முதுகு காட்டி ஈட்டியோடு நின்றான். பிரதிக்காரனின் கண் எப்போதும் பேச்சுக்குப் பத்து வரி முன்னால் ஓடும். அப்படி ஓடிய கண் ஓர் இடத்தில் நின்றது.

விருந்தினர் எல்லோரும் வந்தாகிவிட்டது என்று விதவை சந்தோஷமாகச் சொல்கிறாள். “வாயிலை மூடு.”

முழு நாடகமும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பழைய முன்சொல் நாடகத்தில் ஒரே இடத்தில்தான் வரும். புதியது இரண்டு இடத்தில் வருகிறது. காலையில் என் வரி பிழைத்த சந்தோஷத்தில் அதை நான் பார்க்கவில்லை.

அந்தச் சொற்கள் வர இன்னும் எட்டு வரி இருந்தது. ஜாஸ்பரைக் கூப்பிட வழியில்லை. பிரதியை முக்காலியில் வைத்தேன். ஆட்டம் நடக்கும்போது அதைக் கீழே வைத்தது அதுதான் முதல் முறை. ஏணியில் இறங்கினேன். கடைசி இரண்டு படிகளில் வழுக்கி முழங்காலில் விழுந்தேன்.

மேலே டிகரியின் குரல், பலகை வழியாக: “வாயிலை மூடு.”

ஜாஸ்பர் சொன்னதைச் செய்கிறவன். “மூடாதீர்கள், இன்னும் ஒருவர் வர வேண்டும்.”

செருப்பு தைப்பவன் சொன்னபோது சிரித்த அதே கூட்டம். இப்போது கல்யாண மேசைக்கு முன்னால், எல்லோரும் வந்துவிட்ட பிறகு, ஒரு கிழவன் இன்னும் ஒருவர் என்கிறான். பாதாம் உடைக்கும் சத்தம் நின்றது. இருமல் நின்றது. அப்படியோர் அமைதியை அந்தக் கொட்டகையில் நான் கேட்டதே இல்லை.

சுண்ணாம்பு இல்லை. இரண்டு தூண்களுக்கு நடுவில் ஓர் அறை இருந்தது, பகல் மாதிரி வெளிச்சம், ஒரு நாற்காலி. மாரென் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டிருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், முன்பக்கம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்தாள். இன்னொரு கையை நீட்டினாள்.

குனிந்தபடி போக வேண்டும். நான்கு எட்டு. ஓர் எட்டு வைத்தேன்.

தலைக்கு மேலே ஒரு குதிகால் பலகையைத் தேய்த்தது. அது லாம்பர்ட், மாப்பிள்ளை வேடக்காரன். தடுமாறும்போது இடது குதிகாலைத் தேய்ப்பான். அவனுடைய முன்சொல்லும் அதே ‘வாயிலை மூடு’தான். பேச வாய் திறந்திருப்பான். அதற்குள் ஜாஸ்பர் முந்திக்கொண்டதில் இது தன் இடம்தானா என்று தெரியாமல் நிற்கிறான். மேசையில் மோதிரம் தட்டியது, டிகரி. எல்லோரும் ஒரே பக்கம் திரும்பியிருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது. என் முக்காலியின் பக்கம்.

இரண்டாவது எட்டு. மாரெனின் நகத்தில் மை ஒட்டியிருந்தது தெரிந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

குதிகால் மறுபடி தேய்த்தது. மூன்றாவது எட்டு வைத்துவிட்டேன். அமைதி நீண்டது. எல்லை தாண்டி நீண்டது. ஒரு நொடியில் அது அமைதியாக இருப்பதை விட்டுவிட்டு, யாரோ மறந்த இடமாக மாறியது. அந்த மாற்றத்தை என் உடம்பு எனக்கு முன்னால் அறியும். ஏழு வருடமாக அதுதான் என் வேலை.

“இசை தொடங்கட்டும்” என்றேன்.

உரக்கக்கூட இல்லை. மேடைக்கு எட்டி, கூட்டத்துக்கு எட்டாத குரல். அந்த அளவு எனக்கு அத்துப்படி.

“இசை தொடங்கட்டும்!” என்றான் லாம்பர்ட் மேலே, நிம்மதியோடு. வாத்தியங்கள் ஒலிக்கத் தொடங்கின. கூட்டம் மூச்சுவிட்டது.

என் முன்னால் சுண்ணாம்பு இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. நீட்டியிருந்த என் விரல்கள் அதில் முட்டி நின்றன. அவள் முகத்தில் ஏதாவது மாறியதா என்று பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

எவ்வளவு நேரம் அங்கே இருந்தேன் என்று தெரியாது. அங்கம் முடிந்து மேலே வாத்தியம் மட்டும் கேட்டபோது ஏணி முனகியது. ஜாஸ்பர் பாதி இறங்கி, ஈட்டியோடு எட்டிப் பார்த்தான்.

“யோவ், இங்க என்னய்யா பண்ற? பிரதி அநாதையா கெடக்குது. டிகரி என்னைக் கண்ணாலயே எரிக்கிறான். தப்பான எடத்துல சொல்லிட்டேனா?”

“இல்ல. நான் சொன்னபடிதான் சொன்ன.”

“கூட்டம் அரண்டு போச்சு தெரியுமா? முன்னால நின்ன ஒருத்தன் தொப்பியக் கழட்டிட்டான். நாப்பது வருசத்துல எனக்காக எவனும் தொப்பி கழட்டினதில்ல.” அவன் கொஞ்சம் தயங்கினான். “ஆமா, யாருய்யா வரணும்?”

“என்ன?”

“இன்னும் ஒருத்தர் வரணும்னு சொன்னேனே. யாரு அது? முழுசா படிச்சவன் நீ ஒருத்தன்தான்.”

நான் சுவரைத் திரும்பிப் பார்த்தேன். அவன் காத்திருந்தான். வாத்தியம் ஓய்ந்தது.

“சரி, சொல்லாட்டிப் போ. உன் முட்டில ரத்தம் வருது பாரு. எழுந்து வா. நாலாவது அங்கத்துக்கு யாரும் மேடைக்குப் போவ மாட்டேங்கறானுங்க. நீ வந்து உக்காந்தாத்தான் போவேன்னு டிகரி அடம் புடிக்கிறான்.”

அவன் ஏறிப் போனான். நான் சுவரிலிருந்து கையை எடுத்தேன். விரல் நுனியில் கொஞ்சம் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. ஏணியில் ஏறினேன். மேலே எல்லோரும் வேடத்தோடு கதவருகே நின்று எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.