கடைசியாகக் கை வைத்தவர்

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மூன்றாவது நத்தையும் கண்ணாடியை விட்டுக் கழன்று மணலில் மல்லாந்து கிடந்தது. ஸ்பேனர் முட்டி போட்டு உட்கார்ந்து, மூக்கு கண்ணாடியில் ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தான். அசைவில்லை. மாலை நான்கு மணிக்கு அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார். நெஞ்சைத் திறந்து மூடி இருபத்திரண்டு நாள். வந்ததும் அவர் கண் முதலில் போகப்போவது மனைவி முகத்துக்கும் இல்லை, தம்பி முகத்துக்கும் இல்லை, கூடத்து மூலையில் நீல வெளிச்சத்தில் நிற்கிற இந்தக் கடல்தண்ணீர்த் தொட்டிக்குத்தான்.

தொட்டியில் இரண்டே இரண்டு ஆரஞ்சு மீன்கள். அவை துணைக்கு. வீட்டுக்காரர் என்று சொன்னால் நடுப்பாறையில் உட்கார்ந்திருக்கும் பவளம்தான். கல் மாதிரி இருக்கும், செடி மாதிரி கிளைக்கும், ஆனால் இரண்டும் இல்லை. உயிர், பசிக்கிற உயிர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சுண்டுவிரல் நகத்தளவு துண்டாக வந்தது, அண்ணன் கையில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிறத்தில் வளர்ந்திருந்தது. இப்போது அதன் அடிப்பாகம் சோறு மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. வெளுப்பு நாளுக்கு ஒரு விரல்கடை மேலே ஏறுகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அண்ணன் தினமும் "எப்படி இருக்கு?" என்று கேட்க, அண்ணி தினமும் "நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிளம்பிப் போன அன்று அண்ணன் சொன்னது ஒன்றே ஒன்று. "தண்ணி வத்தினா கோடு வரைக்கும் நல்ல தண்ணி ஊத்து. வேற எதுலயும் கை வைக்காதே, ஸ்பேனர்." அந்தப் பெயரும் அண்ணன் வைத்ததுதான். ஒன்பது வயதில் அண்ணனுடைய ரேடியோவைப் பிரித்து, திருப்பிப் பூட்டிய பிறகு நாலு திருகாணி மிச்சம் வைத்தவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்? இன்று அவனுக்கு நாற்பத்தொன்று. ஊரில் பாதி லிஃப்ட் அவன் கைபட்டுத்தான் ஏறி இறங்குகிறது. அண்ணன் முன்னால் மட்டும் இன்னும் அந்த நாலு திருகாணி அவன் சட்டைப்பையில் கிடந்து குலுங்கும்.

அண்ணனுடைய நோட்டைப் பார்த்து எல்லாம் சோதித்தாயிற்று. உப்பு சரி. சூடு சரி. விளக்கு சரி. லிஃப்ட் வேலையில் அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதென்றால் அதன் ஸ்விட்ச் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பான்: கடைசியாக இதில் கை வைத்தது யார்? பத்துக்கு எட்டுத் தடவை பழுது அந்தப் பதிலில்தான் இருக்கும்.

அண்ணி படுக்கையறையில் அண்ணனுக்கு மாற்றுச்சட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, தொட்டியில கடைசியா கை வச்சது யாரு?"

"நான் இல்லப்பா. வெளிக் கண்ணாடிய தொடச்சேன், அவ்வளவுதான்."

"எதுல தொடச்சீங்க?"

"ஈரத் துணியில."

"துணியில சோப்பு இருந்துச்சா? கூடத்துல கொசு மருந்து ஏதாவது அடிச்சீங்களா?"

அண்ணி சட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். மூன்று வாரமாகச் சரியாகத் தூங்காத முகம். "இதையே வியாழக்கிழமையும் கேட்டீங்க, நேத்தும் கேட்டீங்க. இன்னைக்கு மூணாவது தடவை. கைரேகை எடுக்கிறதுதான் பாக்கி."

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. யாரோ ஏதோ பண்ணியிருக்காங்க. அது தானா சாகாது."

"யாரோன்னா இந்த வீட்டுல யாரு? நாம ரெண்டு பேருதானே?" பையின் ஜிப்பை ஒரே இழுப்பாக இழுத்து மூடினாள். "கை சும்மா இருக்காதது இந்த வீட்டுல நான் இல்ல தம்பி. போய் அவரைக் கூட்டிட்டு வரேன். அவர் உள்ள நுழையறப்போ முகம் மாறாம இருக்கிறதுக்கு வழி பாருங்க. டாக்டர் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்குல்ல? அதிர்ச்சி ஆகாது."

கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. ஓங்கிச் சாத்தியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது.

பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வளர்ப்புமீன் கடைக்கு வண்டியை விரட்டினான். கடைக்காரர் அண்ணனுக்குப் பழக்கம். "அவரா! வந்தா ஒரு மணி நேரம் பேசுவாரு. அதுல முக்கா மணி நேரம் பவளத்தப் பத்தி, மிச்சம் உங்களப் பத்தி" என்று சிரித்தார். என்னைப் பற்றி என்ன பேசுவார் என்று கேட்க ஸ்பேனருக்கு வாய் வரவில்லை. நத்தை செத்ததையும் பவளம் வெளுப்பதையும் சொன்னான். கடைக்காரர் சிரிப்பு நின்றது.

"மீனு?"

"ரெண்டும் நல்லாத்தான் ஓடுது."

"மீன் தாங்குது, நத்தை சாகுது, பவளம் உரியுது." சின்னக் குழாயில் தண்ணீரை ஊற்றி மருந்து சொட்டினார். ஆறு, ஏழு, எட்டு. தண்ணீர் மெல்ல நிறம் மாறியது. நிற அட்டையோடு வைத்துப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "செம்பு. இந்த உயிருங்களுக்கு அது விஷம் தம்பி. உள்ள ஏதோ கிடக்கு. காசு, வளையல், வயரு, ஏதோ ஒண்ணு. அத எடுக்காம நீங்க என்ன பண்ணாலும் பிரயோஜனமில்ல."

செம்பை உறிஞ்சுகிற மருந்துப்பை ஒன்று, கலந்து வைத்த உப்புத்தண்ணீர் நாலு கேன், தேவைப்படும் என்று கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த பவளம் ஒட்டுகிற பசை, ஒரு புதுக் கல், எல்லாம் ஏற்றிக்கொண்டு திரும்பினான். சிக்னலில் நிற்கும்போது புத்தி அண்ணியின் வளையலைத்தான் சுற்றியது. வெளியிலிருந்துதான் துடைத்தாளா? உள்ளே ஏதாவது விழுந்து, சொல்லப் பயந்துகொண்டு... அப்படி நினைக்கும்போது அவனுக்கு ஒரு நிம்மதி வந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. மனுஷன் மனசு சில நேரம் அப்படித்தான் இடம் தேடும்.

வீட்டுக்கு வரும்போது மணி ஒன்றே முக்கால். சட்டையைக் கழற்றிவிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டான். மணலைத் துழாவினான். பாறை இடுக்கு, மூலை, ஒன்றுமில்லை. பின்பக்கம், தண்ணீரை அலைபோலத் தள்ளுகிற பம்ப்பின் மேல் விரல் போனது. அங்கே ஏதோ சொரசொரவென்று பட்டது. பட்ட உடனே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணால் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் போன மூன்றாம் நாள் பம்ப்பின் பிளாஸ்டிக் பிடி உடைந்து கடகடவென்று ஆடியது. அவன்தான் பையிலிருந்து மோட்டார் சுற்றுகிற செம்புக் கம்பியை எடுத்து, குறடால் மூன்று சுற்று முறுக்கிக் கட்டினான். சத்தம் நின்றது. ஆடவே இல்லை. அண்ணன் வந்து பார்த்தால் ஒரு வார்த்தை சொல்வார் என்றுகூட நினைத்தான். பிறகு, தன் வேலை தானே என்று, மறந்தே போனான். குறடு பட்ட இடத்தில் கம்பியின் மேல்பூச்சு உரிந்து, பச்சையாகப் பூத்துக் கிடந்தது. அதே பையில் வயர்களைக் கட்டுகிற பிளாஸ்டிக் கட்டு ஒரு கொத்தே இருந்தது. கம்பிதான் உறுதி என்று கை அதற்குப் போயிருந்தது.

கடைசியாகக் கை வைத்தது யார்? வியாழன் கேட்டான், வெள்ளி கேட்டான், இன்று காலையும் கேட்டான்.

கம்பியை வெட்டி எடுத்தான். பம்ப்பைப் பிளாஸ்டிக் கட்டால் கட்டினான். மருந்துப்பையை வடிகட்டியில் போட்டான். ஈரக்கையோடு போனை எடுத்து அண்ணிக்கு அடித்தான். எடுத்ததும் அவளைப் பேச விடவில்லை.

"அண்ணி, உங்களால இல்ல. என்னாலதான். பம்ப்ப நான்தான் செம்புக் கம்பி போட்டுக் கட்டினேன். அதுதான் நத்தையக் கொன்னுச்சு, பவளத்தையும் தின்னுக்கிட்டிருக்கு. உங்களப் போய் மூணு நாளா..."

அந்தப் பக்கம் ஹாரன் சத்தம். பிறகு அண்ணியின் குரல், கிணற்றிலிருந்து வருவதுபோல்: "தம்பி, போன் ஸ்பீக்கர்ல இருக்கு. வண்டியில வந்துக்கிட்டிருக்கோம்."

ஸ்பேனர் போனைக் காதோடு அழுத்தினான். நெஞ்சைத் தைத்து இருபத்திரண்டு நாளான மனுஷன். ஒரு மூச்சு கேட்டது, இன்னொரு மூச்சு கேட்டது. அவன் எண்ணினான்.

"எவ்வளவு வெளுத்திருக்கு?" அண்ணன் குரல்தான். காகிதம் மாதிரி மெலிந்திருந்தது.

"பாதி. மேல் பாதி இன்னும் ஊதாவாத்தான் இருக்கு அண்ணா."

"கம்பிய எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"தண்ணி இருக்கா? பாதி மாத்து. கடகடன்னு ஊத்தாத. சூடு பாத்து ஊத்து." இடையில் இருமல். "பேசாதீங்கன்னா கேக்கறீங்களா" என்று அண்ணி. அவர் நிறுத்தவில்லை. "தொட்டிக்குக் கீழ அலமாரியில என் வெட்டுக் கத்திரி இருக்கும். உன் குறட எடுக்காத. சோப்பு போடாம கை கழுவு. வெளுப்புக்கு ஒரு விரல் மேல வெட்டி எடு."

"வெட்டறதா? பதினோரு வருஷம் அண்ணா."

"வெளுப்பு மேல வந்தா பதினொண்ணும் போச்சு. வெட்டு. புதுக் கல்லுல பசை வச்சு ஒட்டு. அலையில ஆடும், பசை பிடிக்கற வரைக்கும் பிடிச்சுக்கணும். இருபது நிமிஷம். கைய எடுக்காத, என்ன?"

போன் அணைந்தது.

தண்ணீர் மாற்றி முடிக்க மூன்றரை. கத்திரியை வைத்து அழுத்தும்போது கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது, மூடவில்லை. சுண்ணாம்புக் குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம், தண்ணீருக்குள்ளே, கைவழியாகத்தான் கேட்டது. ஊதாப் பாதி அவன் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. எடையே இல்லை. பசையை உருட்டிக் கல்லில் அப்பி, அதன்மேல் அழுத்தி, பம்ப் தள்ளுகிற தண்ணீருக்கு எதிராக விரல்களைக் குவித்துக்கொண்டு நின்றான்.

ஐந்தாவது நிமிஷம் தோள் வலித்தது. ஒன்பதாவது நிமிஷம் விரல்நுனி மரத்தது. பவளத்தில் உயிர் இருக்கிறதா, அல்லது தன் நாடியைத்தான் அதில் கேட்கிறானா என்று தெரியவில்லை. பதினொன்றாவது நிமிஷம் வாசலில் வண்டிக் கதவு சாத்துகிற சத்தம்.

அண்ணியின் செருப்பு. அதன் பின்னால் வீட்டுக்குப் பழக்கமில்லாத ஊன்றுகோல், ஒவ்வொரு எட்டுக்கும் நின்று நின்று வந்தது. அவன் திரும்பவில்லை. திரும்பினால் கை அசைந்துவிடும். தொட்டிக் கண்ணாடியில் மங்கலாக ஓர் உருவம் தெரிந்தது, போனபோது இருந்ததில் பாதி. அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டாள். உருவம் மெல்ல உட்கார்ந்தது. அண்ணி அருகில் வந்து, அவன் முழங்கையிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீருக்கு அடியில் ஒரு துணியைப் போட்டுவிட்டுப் போனாள்.

பாறை மறைவிலிருந்து மீன் ஒன்று வெளியே வந்து, அவன் கையைச் சுற்றிப் பார்த்து, முன்கை முடியை நறுக்கென்று கடித்தது. இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது. அவன் கையை எடுக்கவில்லை.