மூலைக்கூலி

கட்டடம் எத்தனை சிக்கலாக இருந்தாலும் அதை வரைகிறவனுக்குச் சதுரடிக்கு ஒரே கூலிதான் நியாயம் என்றும், இந்த உண்மையை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவன் தான்தான் என்றும் ஆர்க்கிடெக்ட் பிரேம்குமார் ராஜபாளையத்தில் பலகை எழுதி மாட்டிய வருடத்தில், அவன் வீட்டு மூலைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்கின.

அவனோடு ஒரே கல்லூரி பஸ்ஸில் போய்ப் படித்த சாம்சன், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே ஆபீஸ் போட்டிருந்தான். பஞ்சுக் கிடங்குக்கு ஒரு விகிதம், வீட்டுக்கு அதைவிடக் கூடுதல், ஆஸ்பத்திரிக்கு அதற்கும் மேல் என்று வாங்குவான். வீடு ரொம்பவும் கோணிக்கொண்டு போனால் மூலைக்கூலி என்று தனியாகக் கேட்பான். பிரேம்குமார் அவனை டீக்கடையில் வைத்தே மடக்கினான். "ஏலே சாம்சா, பால்கோவாவ உருட்டிக் குடுத்தாலும் தட்டிக் குடுத்தாலும் கிலோ ஒரே வெலதானலே? மூளை இருக்கவன் மூலைக்குக் காசு கேப்பானா?" சாம்சன் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "நீ கேக்கலன்னா மூலையே அத வேற யாருகிட்டயாவது வாங்கிக்கிடும்லே" என்றான். கடையே சிரித்தது. அன்றிலிருந்து சாம்சனுக்கு ‘மூளைக்கூலி’ என்று பேர். கட்டடம் கட்டுகிறவர்கள் எல்லாம் பிரேம்குமாரிடம் வந்தார்கள்.

கிடங்குகளாக வரைந்தவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பாண்டேஜ் துணி முதலாளி சங்கையா வந்தார். அவருடைய இரண்டு மகன்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, ஆனால் ஒரே வீட்டில்தான் இருக்க வேண்டும். வாசல் ஒன்று, மாடிப்படி இரண்டு. ஒருவன் வீட்டில் தாளித்தால் அடுத்தவனுக்கு மணக்கக் கூடாது, ஜன்னலைத் திறந்தால் முகத்தில் முகம் படக் கூடாது, ஆனால் அப்பா படுத்த இடத்திலிருந்து இரண்டு பேரும் தெரிய வேண்டும். அப்படி ஒரு வீட்டுக்கு மூலைகள் ஏராளமாகத் தேவைப்பட்டன. மகன்கள் சண்டை போட்ட ஒவ்வொரு முறையும் வரைபடம் மாறியது. அங்கே ஒரு மூலை கூடினால் இங்கே பிரேம்குமார் வீட்டில் ஒன்று குறைந்தது. "ஏங்க, பீரோவ எங்கிட்டுத்தான் வைக்க? செவுரு புடிச்சு வச்ச கொழுக்கட்ட மாதிரில்லா இருக்கு" என்றாள் மனைவி பொன்மணி. அவன் ஈரம் என்றான், சிமெண்டில் கலப்படம் என்றான்.

ஐப்பசி மழையில் பின்னறையின் நான்கு மூலைகளும் ஒரே பகலில் போயின. மூலை இழந்த அறை சுருக்குப்பை போல வாயை மூடிக்கொண்டது. உள்ளே இருந்தவர் அவன் அப்பா பால்பாண்டி. மில்லில் காலமெல்லாம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து இருமலோடு ஓய்வுபெற்றவர். கொத்தனார் சுவரை உடைத்துப் பார்த்தபோது அந்தப் பக்கம் அடுத்த வீட்டு வாழைமரம்தான் இருந்தது. இருமல் மட்டும் சுவருக்குள்ளிருந்து கேட்டது. "ஏம்மா பொன்மணி, செத்த வென்னி குடேன்" என்றது சுவர். பொன்மணி விரிசலில் குழாய் செருகி வெந்நீர் ஊற்றினாள். "பொய்க் கௌரவத்த விட்டுட்டு சங்கையா மொதலாளிகிட்டப் போயி மூலைக்கூலிய வாங்கிட்டு வாங்க. மாமா உள்ள கெடக்காக" என்றாள்.

பிரேம்குமார் போனான். அவர் கொடுத்த காப்பியைக் குடித்தான், மாடிப்படியைப் பற்றிப் பேசினான், திரும்பி வந்தான். அந்தச் சொல் வாயில் வரவில்லை. வந்தால் பலகையை இறக்க வேண்டும். மறுபடியும் போனான், மறுபடியும் காப்பி குடித்தான். கார்த்திகையில் இருமல் மெலிந்தது. மார்கழியில் கோயில் ஸ்பீக்கர் ஓய்ந்த பிறகு காதை வைத்தால்தான் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு நாள், தரையைப் பார்த்தபடி, கேட்டுவிட்டான். சங்கையா சிரிக்கவில்லை. "இதுக்கா இம்புட்டு யோசிச்சீரு? சாம்சன் தம்பின்னா எம்புட்டுக் கேக்கும்னு விசாரிச்சு அப்பமே எடுத்து வச்சிட்டேன். கேக்காதவருக்கு எப்படிய்யா குடுக்க?" என்று கவரை நீட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது பின்னறை இருந்தது, கதவும் இருந்தது. பால்பாண்டி ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மூலைக்கு அளவெடுத்தது போல உடம்பு விறைத்திருந்தது. நீட்டிப் படுக்கவைக்க முடியாததால் உட்காரவைத்தே தூக்கிப் போனார்கள். அப்படித் தூக்குகிற வழக்கம் சிலருக்கு உண்டு என்பதால் தெருவில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பதினாறு கழிந்து துக்கம் விசாரிக்க வந்த சேத்தூர்க்காரர் ஒருவர், மருமகள் கண்ணில் படாமல் மாமியார் வந்துபோகிற மாதிரி ஒரு வீடு வரைய வேண்டும் என்றார். பிரேம்குமார் மொட்டைத் தலையைத் தடவினான். பிறகு அடுப்படியில் இருந்த பொன்மணிக்குக் கேட்காத குரலில், "மூலைக்குத் தனிக்கூலி ஆகும்ணே" என்றான்.