மலை சுற்றப் போன டபுள் பெடல் சத்தம்

எல்லாருக்கும் வணக்கம். சௌக்கியந்தானே? பசி எடுக்கிறதா, படுத்தால் தூக்கம் வருகிறதா? அது இரண்டும் ஒழுங்காக இருந்தால் மற்றதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். வேங்கிக்காலில் கவிநிலா என்று ஒரு பெண் டிரம்ஸ் வாசிக்கிறாள். அவள் காலால் அடிக்கிற டிரம் சத்தம் அடித்தவுடன் கேட்காது. ஜன்னல் வழியாக இறங்கி, வேலூர் ரோட்டைப் பிடித்து, திருவண்ணாமலைக்குள் போய், மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டு அப்புறம்தான் வீடு திரும்பும். காலை டிபன் முடித்து அடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடும். கையால் அடிப்பது அப்படி இல்லை, ஊரில் எல்லார் வீட்டுச் சத்தத்தையும் போல அடித்த இடத்திலேயே கேட்டுவிடும். ஊர் சுற்றுவது கால் சத்தம் மட்டும்தான்.

கவிநிலா கீழ்பென்னாத்தூர் ராமதாஸின் மகள். ராமதாஸ் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். இவள் படித்துவிட்டு வேங்கிக்காலில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள், லீவு நாள் வந்தால் வளவன் வீட்டு மாடிக்குப் போய்விடுவாள். வளவன் பகலில் இன்வெர்ட்டர் பேட்டரி விற்கிறவன், மீதி நேரத்தில் கிட்டார் வாசிக்கிறவன். இருவரும் வாசிப்பது மெட்டல் என்கிற வகைப் பாட்டு. கேட்டால் தகரக் கொட்டகை மேல் ஆலங்கட்டி மழை பெய்வது போல இருக்கும், பழகினால் விட மனசு வராது. அதற்கு ஒரு பெரிய டிரம்மைக் கீழே படுக்க வைத்து, இரண்டு காலுக்கும் இரண்டு பெடல் மாட்டி, தையல் மெஷின் ஊசி போல விடாமல் மிதிக்க வேண்டும். முழுக் காலையும் தூக்கி மிதித்தால் ஒரு பாட்டுக்குள் தொடை செத்துப்போகும். கணுக்காலை மட்டும் ஆட்டி, ஒரு மிதிக்குக் குதிகாலும் அடுத்த மிதிக்கு விரலுமாகக் கொடுத்தால் ஒரே காலில் இரண்டு அடி விழும். இந்த வித்தையை கவிநிலா பஸ்ஸில் உட்கார்ந்தபடி, மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தபடி, சாப்பிட உட்கார்ந்தபடி பழகிக்கொண்டே இருந்தாள். அவள் மேஜைக்குக் கீழே தரையில் இரண்டு குழி விழுந்ததாகச் சொல்கிறார்கள்.

முதலில் வளவன் அவள் மிதியில் பலம் இல்லை என்றுதான் நினைத்தான். கை அடிப்பது காதைப் பிளக்கும், பெரிய டிரம் வாயே திறக்காது. "சாப்பிட்டியா இல்லையா நீ. காலு ரெண்டும் கடன் வாங்கினு வந்த மாதிரி கீது" என்று கிண்டல் செய்வான். அவள் மிதித்துவிட்டுப் போய்விடுவாள். ஒருநாள் அவள் கிளம்பிப் போய் வெகு நேரம் கழித்து, வளவனின் அம்மா அருணாதேவி குழம்பு கூட்டிக்கொண்டிருந்தபோது, மாடி திடுதிடுவென்று அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர் எல்லாம் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன.

"டேய் வளவா, மேல யாருடா? அந்தப் பொண்ணு போயி எவ்ளோ நேரம் ஆவுது."

வளவன் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "ஆளு இல்லம்மா. சத்தம் மட்டும் வந்துகீது."

"வந்தா வரட்டும். கொழம்பு பொங்குது, கொஞ்சம் மெதுவா வரச் சொல்லு" என்றாள் அருணாதேவி.

அதற்குள் ஊரில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்திருந்தது. மலை சுற்றும் பாதையில் அக்னி லிங்கத்துக்குப் பக்கத்தில் இளநீர் வெட்டுகிறவர், முழங்கால் உயரத்தில் ஏதோ திமுதிமுவென்று கடந்து போவதை மாசக்கணக்காகப் பார்த்து வந்தார், பார்ப்பது என்றால் காதால்தான். அடி அண்ணாமலை டீக்கடையில் அது வருகிற நேரத்தை வைத்துத்தான் இரண்டாவது பால் காய்ச்சினார்கள். ரோட்டோரம் படுத்திருக்கும் சாமியார்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். நாய்கள் குரைக்கவில்லை. ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் கால் என்று ஒன்று இருந்தால் அது மலையைச் சுற்றும், இதற்கு என்ன காரணம் வேண்டிக்கிடக்கிறது. கவிநிலா ஒரே ஒருமுறை ஷூ போட்டு மிதித்துப் பார்த்தாள். அன்றைக்குப் போன சத்தம் வரவே இல்லை. செருப்போடு யாராவது மலை சுற்றுவார்களா, எங்கேயோ வெட்கப்பட்டு நின்றுவிட்டது போலிருக்கிறது. அதன்பிறகு அவள் வெறுங்காலோடுதான் உட்கார்ந்தாள்.

இப்படி இரண்டு மூன்று வருஷம் போனது. ஒரு ஆல்பத்துக்குத் தேவையான பாட்டுகள் சேர்ந்தன, கிட்டாரும் குரலும் பதிந்தாகிவிட்டது, டிரம்ஸ் மட்டும் பாக்கி. சென்னையிலிருந்து மூர்த்தி என்று ஒரு ரெக்கார்டிங் இன்ஜினியர் வேனில் மைக்குகளோடு வந்து இறங்கினார். நல்ல மனுஷன், ஆனால் டிரம் சத்தத்தில் ஊசி அளவு கோணல் இருந்தாலும் பொறுக்க மாட்டார். பெரிய டிரம்மின் தோலில் அடி விழுகிற இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை டேப் போட்டு ஒட்டினார், அப்போதுதான் கிட்டார் இரைச்சலுக்கு நடுவிலும் டக்கென்று தெறிக்குமாம். பஞ்சு சுத்தியலைக் கழற்றிவிட்டு மரச் சுத்தியல் மாட்டினார். உள்ளே தலையணை திணிக்கப் போனார், கவிநிலா விடவில்லை. அப்பா கொடுத்தனுப்பிய கோணிப்பையில் மல்லாட்டைத் தோல் நிரப்பி உள்ளே வைத்தாள். தலையணை டிரம்மின் வயிற்றை அடைத்துவிடும், மல்லாட்டைத் தோல் என்றால் வயிறும் இருக்கும் மூச்சும் இருக்கும் என்பது அவள் கட்சி. மூர்த்தி காதை டிரம்மிடம் கொண்டுபோய்க் கோணிப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அப்புறம் அவளை மிதிக்கச் சொன்னார். மிதித்தாள். திரையில் முள் அசையவில்லை.

விஷயத்தைச் சொன்னார்கள். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "இதுக்கு ஏன்மா இவ்ளோ கஷ்டம். ரெடிமேட் கிக் சத்தம் கம்ப்யூட்டர்ல நூறு கெடக்கு. நீங்க மிதிச்ச எடத்துல எல்லாம் அதை வச்சுடலாம். எல்லாரும் அதான் பண்றாங்க, கேக்கறவனுக்குத் தெரியவே தெரியாது."

"எனக்குத் தெரியுமே சார்" என்றாள் கவிநிலா. "என் பாட்டுல என் காலு இல்லன்னா, அப்பறம் நான் எதுக்கு அங்க உக்காந்துகினு."

கடைசியில் ஒரு ஏற்பாடு ஆனது. மறுநாள் காலையில் காதில் ஹெட்போன் வைத்துத் தாளத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கால் பகுதியை மிதித்து அனுப்பிவிடுவது. மதியம் அது திரும்பி வரும்போது கூடவே கையை வாசித்து இரண்டையும் சேர்த்துப் பதிவது. அதற்குள் வராவிட்டால் ரெடிமேட் சத்தம்தான். மூர்த்திக்கு அடுத்த நாள் சென்னையில் வேறு வேலை, சாயங்காலம் ரோட்டை அடைப்பதற்குள் வேனைக் கிளப்பியாக வேண்டும். ஏன் ரோட்டை அடைப்பார்கள் என்று கேட்கிறீர்களா, அங்கேதான் இருக்கிறது கூத்து. அந்த நாள் சித்ரா பௌர்ணமி. நல்ல காரியத்தைப் பௌர்ணமியில் தொடங்கினால் துலங்கும் என்று நாள் குறித்தது அருணாதேவி. திருவண்ணாமலைக்காரர் யாராக இருந்தாலும் அப்படித்தான் குறிப்பார்கள். மலை சுற்றும் பாதை அன்றைக்கு ஜனக் கூட்டத்தில் எப்படித் திணறும் என்று பிறந்ததிலிருந்து பார்த்து வந்த அருணாதேவி, வளவன், கவிநிலா மூன்று பேருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

காலையில் கவிநிலா மிதித்தாள். ஆல்பத்திலேயே வேகமான பாட்டு அது. சுத்தியல் நாணயத்தில் பட்டுப் பட்டு எழ, கணுக்கால் தெரியாத அளவுக்கு ஆட, ஒரு சத்தமும் இல்லாத அறையில் வியர்வை மட்டும் சொட்டியது. ஜன்னல் திரை படபடவென்று தெருப்பக்கம் பறந்து அடங்கியது, அவ்வளவுதான். மதியம் ஆனது. சாப்பிட்டார்கள். இலை எடுத்தார்கள். வரவில்லை. வளவன் பைக்கில் தேடப் போய், மலை சுற்றும் பாதையை ஏற்கெனவே மறித்திருந்த போலீஸ் தடுப்புக் கட்டையைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். மூர்த்தி கம்ப்யூட்டரில் ரெடிமேட் சத்தங்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றும் சுத்தமாக, அளவாக, இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது. கவிநிலா குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ராமதாஸ் போன் செய்தார். ஊர்க்காரர்களோடு கிரிவலம் வந்திருந்தார்.

"பாப்பா, உன் சத்தம் எமலிங்கத்தாண்ட நின்னுகினு இருக்குதும்மா."

"என்னுதுன்னு எப்டிப்பா தெரியும்?"

"உள்ள மல்லாட்டைத் தோலு நொறுங்குதே. நம்ம நெலத்துத் தோலு எனக்குத் தெரியாதா."

"சீக்கிரம் வரச் சொல்லுப்பா. இங்க எல்லாம் போயிடும்போலக் கீது."

"எங்கம்மா சொல்றது. முன்னால ஒரு வயசான அம்மா குச்சி ஊனிகினு போறாங்க. அவங்களத் தாண்டிப் போவ மாட்டேங்குது. நல்ல பொண்ணாத்தான் வளத்துகீற."

அதன்பிறகு ராமதாஸ் அதை விட்டுப் பிரியவில்லை. ஜனங்கள் நின்ற இடத்தில் நின்று, கும்பிட்ட இடத்தில் கும்பிட்டு, அன்னதானப் பந்தலில் ஒதுங்கி, அவரும் சத்தமும் கூடவே நடந்தார்கள். குபேர லிங்கம் தாண்டியதும் அவரிடமிருந்து இன்னொரு போன். வருகிறது, ஆனால் வேகம் எல்லாம் இறங்கிவிட்டது, கூட்டம் நடக்கிற நடைக்கு வந்துவிட்டது என்றார். வளவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அது நம்ம பாட்டே இல்லப்பா. நீ பழகின கை வேற, வர்ற காலு வேற. ஒரே தடவதான் வரும், அதுல எப்டி புடிப்ப." மூர்த்தி கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். வேகமான பாட்டு வேண்டுமென்றால் ரெடிமேட் கால் இருக்கிறது, சொந்தக் கால் வேண்டுமென்றால் தெரியாத பாட்டு வருகிறது.

கவிநிலா எழுந்து, கையால் அடிக்கிற ஸ்னேர் டிரம்மின் தோலை இரண்டு திருகு தளர்த்தினாள். கீச்சென்று இருந்த சத்தம் கனத்து இறங்கியது. "மைக்க படிக்கட்டாண்ட வைங்க சார். அது அந்த வழியாத்தான் வரும்" என்றாள். மூர்த்தி வைத்தார். வைத்து முடிக்கவும் தெருமுனையில் அது திரும்பவும் சரியாக இருந்தது.

முதலில் டம்ளர்கள் பேசின. அப்புறம் ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. தம் என்று ஒரு மிதி, அதற்குள்ளே நாணயத் தெறிப்பு, அதற்கும் அடியில் மல்லாட்டைத் தோலின் மூச்சு, எல்லாவற்றுக்கும் கீழே சூடான தார் ரோட்டில் லட்சம் வெறும் பாதங்கள் பதிந்து எழுந்த கனம். கற்பூர வாசனையும் கூடவே வந்தது. கவிநிலா பழகி வைத்த அத்தனை கை அடியையும் விட்டுவிட்டாள். எட்டு அடி போட வேண்டிய இடத்தில் ஒரே அடி. குச்சியின் நுனி தோலிலும் அதன் நடுப்பகுதி டிரம் விளிம்பிலுமாக ஒன்றாய் விழ, துப்பாக்கி வெடித்தது போலக் கேட்டது. அடுத்ததுக்குக் காத்திருந்தாள். பித்தளைத் தட்டான சிம்பலை ஒருமுறை தட்டி, அது கடைசிவரை கரைந்து தீருகிற வரைக்கும் விட்டாள். முன்னால் போகிற வயசான அம்மாவைத் தாண்டாமல் வந்த அந்தக் காலை, அவள் கையும் ஒரு இடத்திலும் தாண்டவில்லை. சத்தத்துக்குப் பின்னாலேயே ராமதாஸ் வந்து வாசலில் நின்றார், அவர் பின்னால் வழி தவறி அதைத் தொடர்ந்து வந்துவிட்ட ஒரு பஸ் ஜனம் நின்றது. அவர்களில் ஒருவர் இருமினார், அது பாட்டில் இன்றைக்கும் இருக்கிறது. கடைசி மிதி டிரம்முக்குள் போய் உட்கார்ந்ததும் மூர்த்தி ரெடிமேட் சத்தங்களை மூடினார். "கை கழுவினு வாங்க, மோர் கீது" என்று அருணாதேவி கீழேயிருந்து குரல் கொடுத்தாள். அன்றைக்கு வேன் கிளம்பவில்லை. மூர்த்தி பதிந்ததைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, வளவனிடம் அந்த நடைக்குத் தகுந்தாற்போல் கிட்டாரைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வளவன் முனகிக்கொண்டே ஆரம்பித்து, சிரித்துக்கொண்டே முடித்தான்.

ஆல்பம் வந்துவிட்டது. அதிலே எல்லாருக்கும் பிடித்தது அந்த மெதுவான பாட்டுதான். ஒருமுறை மலை சுற்றி முடித்த சத்தம் மறுபடி சுற்ற வேண்டியதில்லை என்பதால், போனில் போட்டாலும் பஸ்ஸில் போட்டாலும் நேரத்துக்குச் சரியாகக் கேட்கிறது. இப்போதெல்லாம் வேகமான பாட்டுகளைச் சாதாரண நாளிலும், கனமான பாட்டுகளைப் பௌர்ணமியிலும் பதிகிறார்கள். மூர்த்தி மாசம் ஒருமுறை வந்துவிடுகிறார், வந்தால் செருப்பைக் கீழேயே கழற்றிவிடுகிறார். கவிநிலா நேற்றுக் காலையும் வேலைக்குப் போகுமுன் கொஞ்ச நேரம் மிதித்து அனுப்பியிருக்கிறாள். உங்கள் ஊரில் சத்தங்கள் எந்த வழியாகப் போகின்றன, எப்போது வீடு திரும்புகின்றன? வழியில் யாரைப் பார்த்து நிற்கின்றன? சோம்பல் படாமல் விவரமாக எழுதிப் போடுங்கள், படிக்கக் காத்திருக்கிறோம்.