எதிர்ச்சுவர்

ஓவியர்கள் மத்தியில் ஒருவருக்கு மேகக்காரர் என்று பெயர், இன்னொருவருக்கு மரக்காரர். முன்னவர் வானத்தை வரைந்தே பெயர் வாங்கியவர். பின்னவர் சாலையோர மரங்களை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகராதவர். இருவரும் கல்லூரியில் ஒரே அறையில் தங்கியவர்கள், ஒரே ஏரிக்கரையில் உட்கார்ந்து படம் போட்டவர்கள். அந்தச் சிநேகிதத்தில்தான் மரக்காரர் தன் தங்கையை மேகக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்.

கல்யாணமான புதிதில் ஒரு கண்காட்சியில் மைக்கைக் கையில் வாங்கிய மேகக்காரர், “எங்க மச்சான் போட்ட மரத்தைப் பார்த்தா அடுப்புல வைக்கத்தான் தோணுது” என்று சொல்லிவைத்தார். கூட்டம் சிரித்தது. மரக்காரர் சிரிக்கவில்லை. “மாப்பிள்ளை போடுறது மேகமா, பிஞ்ச மெத்தையா?” என்று அடுத்த வாரம் ஒரு பத்திரிகையில் கேட்டார். அன்று பற்றிக்கொண்டது பிறகு அணையவே இல்லை.

நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தது தங்கைதான். அண்ணன் வீட்டில் புருஷன் படத்தைப் புகழ முடியாது. புருஷன் எதிரில் அண்ணன் பேச்சையே எடுக்க முடியாது. இப்படி வாயை மூடி மூடியே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

இந்த வருடம் ஒரு காட்சிக்கூடம் இருவரையும் சேர்த்து அழைத்தது. எதிரும் புதிருமாக இரண்டு சுவர்கள். இரண்டிலும் அதே ஏரி. சண்டைக்காரர்களை எதிரெதிரே நிறுத்தினால் கூட்டம் வரும் என்று கூடத்தின் பொறுப்பாளருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். மறுத்தால் பயந்துவிட்டான் என்று மற்றவன் சொல்லுவானே!

படங்களை மாட்டும் நாளில் மரக்காரர் எதிர்ச்சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். ஏதோ குத்தலாகச் சொல்லப்போகிறார் என்று ஏணியில் நின்ற ஆட்கள்கூடக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அவரோ, கணவரோடு வந்திருந்த தங்கையை மாடிப்படிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

“மாப்ளைக்குக் கண்ணு சரியில்லம்மா.”

“என்னண்ணா சொல்ற?”

“வானம் பூராவும் ஆறிப்போன டீ மாதிரி இருக்கு. நீலத்துக்கு அவனை அடிச்சுக்க ஆளே கிடையாது. இது அவனா போட்ட நிறம் இல்ல. கண்ணுல புரை விழுந்திருக்கு.”

அண்ணன் வாயிலிருந்து அந்தப் புகழ்ச்சியை அவள் இப்போதுதான் முதல் தடவை கேட்கிறாள். கணவர் ஒரு காலில் கறுப்புக் காலுறையும் மறு காலில் கருநீலமும் போட்டுக்கொண்டு கிளம்பியதை அவள் பார்த்திருக்கிறாள். வண்ணக் குழாய்களை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்ததையும் பார்த்திருக்கிறாள். சொன்னால் வீட்டில் ரகளை ஆகும் என்று சும்மா இருந்துவிட்டாள். ரகளைக்கு இனி உடம்பில் தெம்பில்லை.

கண்காட்சி திறந்த அன்று மேகக்காரர் சுவர்ப் பக்கம்தான் கூட்டம். பழுத்த மனசின் பொன்னிறம் என்றார் ஒரு விமர்சகர். மேகக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பெருமையாக நின்றார். அந்த விமர்சகர் எதிர்ச்சுவருக்கு வந்து, “அந்த நிறத்தைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று மரக்காரரைக் கிண்டினார். ஒரு வார்த்தை போதும், எதிராளியின் மானம் கப்பலேறிவிடும். தங்கை அண்ணன் முகத்தையே பார்த்தாள்.

“படம் போட்டவரைக் கேளுங்க. எனக்குக் கால் வலிக்குது” என்று சொல்லிவிட்டு மரக்காரர் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை அவள் கணவரிடம் சொன்னாள்.

“கண் டாக்டர்கிட்ட போயிட்டு வரலாங்க.”

“யாரு, உங்க அண்ணன் ஏத்திவிட்டானா?”

இத்தனை காலம் இந்தக் கேள்விக்கு அவள் இல்லை என்றே சொல்லிவந்தாள். “ஆமா, அண்ணன்தான் சொன்னான். ஊரே புகழ்றப்போ அவன் ஒருத்தன்தான் கவலைப்பட்டான். அந்த விமர்சகர் கேட்டப்போகூட உங்களைக் காட்டிக்கொடுக்கல. போதுங்க. எனக்கு அலுத்துப்போச்சு.”

மேகக்காரர் கத்தவில்லை. டம்ளரை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஒரு கண்ணில் புரையை எடுத்து, கட்டுப் பிரித்ததும் அவர் நேரே காட்சிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும் என்றார். கண்காட்சி முடியும் தறுவாயில் இருந்தது. கூடத்தில் மரக்காரரைத் தவிர ஆளில்லை. மேகக்காரர் தன் சுவருக்கு முன்னால் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மாற்றி மூடிப் பார்த்தார். பழைய கண்ணில் பொன்னாக இருந்த வானம் புதிய கண்ணில் சேற்றுத் தண்ணீராக இருந்தது.

“இதையா நான் போட்டேன்? கழட்டச் சொல்லு. எல்லாத்தையும் கழட்டச் சொல்லு.”

“விடு மாப்ளே” என்றார் மரக்காரர், உட்கார்ந்த இடத்திலிருந்தே. “உன் கண்ணுக்குத் தெரிஞ்சதைத்தானே போட்ட? பொய்யா போடலயே.”

மேகக்காரர் திரும்பி மச்சானின் சுவரைப் பார்த்தார். ஒவ்வொரு படமாக, மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். ஏரிக்கரை மரங்களின் நிழலுக்குள் மெல்லிய ஊதாவும் நீலமும் படிந்திருந்தன.

“நிழல்ல இவ்வளவு நீலம் வச்சிருக்கியா மச்சான்? எனக்கு எல்லாம் கரியாத்தான் தெரிஞ்சுது. கண்ணு அப்படி.”

“கண்ணு நல்லா இருந்தப்பவும் அடுப்புல வைக்கணும்னுதானே சொன்ன?”

மேகக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, “நல்லா இருக்கு” என்றார்.

மரக்காரர் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை. இந்த இரண்டு சொல்லுக்காக எத்தனையோ பேரின் பாராட்டைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் இருந்தவர் அவர். அது வந்து சேர்ந்தபோது, காத்திருந்து தூக்கம் வந்துவிட்ட பிள்ளையின் கைக்குக் கிடைத்த பண்டம் மாதிரி இருந்தது. “சரி” என்றார்.

படங்கள் அப்படியே இருந்தன. அன்று தங்கை அண்ணனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவரும் வந்தார். இரண்டு கிழவர்களும் கூடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என்ன பேசுவது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சண்டையைத் தவிர வேறு பேச்சு அவர்களிடம் மிச்சமில்லை. அவள் தட்டு வைத்துவிட்டு வந்து பார்த்தபோது இருவருமே வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போயிருந்தார்கள்.

அவள் எழுப்பவில்லை. சமையலறைக்குப் போய்த் தனக்கு மட்டும் போட்டுக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.